36 உறுப்பினர்கள், நான்கு வழிகள்: நோவா ஸ்கோஷியா 1868

1867 ஜூலை 1 அன்று கனடா என்ற புதிய கூட்டாட்சி பிறந்தது. அதே நாள் ஹாலிபாக்ஸ் நகரத்து 'மார்னிங் கிரானிக்கிள்' பத்திரிகையில் ஒரு மரண அறிவிப்பு வந்திருந்தது. காலமானது மனிதர் அல்ல, அட்லாண்டிக் கரையில் பிரிட்டிஷ் காலனியாக இருந்து அந்தக் கூட்டாட்சியில் சேர்க்கப்பட்ட நோவா ஸ்கோஷியா மாகாணம். உயிர் பிரிந்த நேரம், முந்தைய இரவு 12 மணி. கேலிதான், ஆனால் கேலி செய்தவர்கள் சிரிக்கும் மனநிலையில் இல்லை. பதினோரு வாரம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, தேர்தல் வந்தது.

அப்போதெல்லாம் வாக்களிப்பது வாயால். ரகசிய வாக்குச்சீட்டு அந்த மாகாணத்துக்கு 1870இல்தான் வந்தது. சொத்துத் தகுதியுள்ள ஆண் வாக்காளர் முன்னால் வந்து நின்று தன் வாக்கு யாருக்கு என்று பெயரைச் சொல்ல வேண்டும். கடன் கொடுத்த கடைக்காரரும் வேலை கொடுக்கும் கப்பல் முதலாளியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி ஊரறியச் சொன்ன வாக்குகளில் மாகாணச் சட்டமன்றத்தின் 38 இடங்களில் 36 இடங்கள் கூட்டாட்சி எதிர்ப்பாளர்களுக்குப் போயின. அன்றே நடந்த மத்திய நாடாளுமன்றத் தேர்தலிலும் 19க்கு 18. மாகாண முதல்வராக இருந்து கூட்டாட்சியைக் கொண்டுவந்த சார்லஸ் டப்பர் ஒருவர் மட்டும் கம்பர்லேண்ட் தொகுதியில் தப்பிப் பிழைத்தார்.

எதிர்வரிசையில் இரண்டே பேர். ஆனாலும் வென்றவர்களின் கையில் ஒன்றும் இல்லை. அவர்கள் ரத்துசெய்ய விரும்பிய சட்டம் ஹாலிபாக்ஸில் இயற்றப்பட்டதல்ல. லண்டன் நாடாளுமன்றம் இயற்றியது. சுங்க வரி, தபால், மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, வணிகம் எல்லாம் கூட்டாட்சியின் தலைநகரான ஒட்டாவாவுக்குப் போய்விட்டன. சாலை, பாலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை இவைதான் மாகாணத்தில் மிச்சம். 1868 ஜனவரி இறுதியில் ஹாலிபாக்ஸ் மாகாண மாளிகையில் கூடிய அந்த 36 பேரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்?

அன்று நான்கு வழிகள் பேசப்பட்டன. லண்டனிடம் முறையிட்டு விடுதலை கேட்பது ஒன்று. அரசை நடத்த மறுத்து முட்டுக்கட்டை போடுவது இரண்டு. அமெரிக்காவோடு சேர்வது மூன்று. ஒட்டாவாவோடு பேரம் பேசி நல்ல நிபந்தனைகள் வாங்குவது நான்கு. ஒவ்வொன்றிலும் நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை: பூட்டின் சாவி யார் கையில் இருக்கிறது, காத்திருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள். எந்த வழி நியாயமானது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நியாயம் அன்று எல்லாரிடமும் நிறைய இருந்தது.

யார் இந்த 36 பேர்?

இவர்களை ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. அதற்கு முன்புவரை நோவா ஸ்கோஷியாவில் சீர்திருத்தக்காரர், பழமைவாதி என்ற இரண்டு கட்சிகள் கச்சிதமாக இருந்தன. 1848இல் பிரிட்டிஷ் காலனிகளிலேயே முதன்முதலாக, சட்டமன்றப் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவையை அமைத்த பெருமை அந்தச் சீர்திருத்தக்காரர்களுடையது. கூட்டாட்சிக் கேள்வி வந்ததும் இரண்டு கட்சிகளும் நடுவே கிழிந்தன. சீர்திருத்தக் கட்சியின் சட்டமன்றத் தலைவர் ஆடம்ஸ் ஆர்ச்சிபால்ட், எதிரியான டப்பரோடு சேர்ந்து கூட்டாட்சிக்காரர் ஆனார். பழமைவாதியான மார்ட்டின் வில்கின்ஸ் இந்தப் பக்கம் வந்தார். நேற்றுவரை ஒருவரையொருவர் தின்றுவிடுவதுபோல் பேசிக்கொண்டவர்கள் இன்று ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு கோபம் மட்டுமே.

அந்தக் கோபத்திலும் கலப்படம் உண்டு. 1864, 65 ஆண்டுகளில் டப்பர் கொண்டுவந்த இலவசப் பள்ளிச் சட்டம் ஊர்தோறும் கட்டாய வரியைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் படிப்பது நல்லது என்று ஒப்புக்கொண்ட விவசாயிகூட வரிச்சீட்டைப் பார்த்து டப்பரைச் சபித்தார். ஆகவே அந்த 36 இடங்களும் கூட்டாட்சிக்கு எதிரான தீர்ப்பு மட்டுமே என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பகுதி அதுதான், முழுவதும் அல்ல.

இன்னொரு விசித்திரம். இந்த மக்கள் தீர்ப்பின் தலைவர்கள் இருவருக்கும் அந்த 38 பேர் அவையில் இடமில்லை. இயக்கத்தின் உயிரான ஜோசப் ஹோவ் ஹாண்ட்ஸ் தொகுதியிலிருந்து ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தார். மாகாண முதல்வரான வில்லியம் அன்னண்டோ டப்பரிடம் கம்பர்லேண்டில் தோற்றவர். 19 மத்தியத் தொகுதிகளில் கட்சி இழந்த ஒரே இடம் முதல்வர் நின்ற இடம்! நியமன உறுப்பினர்களைக் கொண்ட மேலவையில் ஓர் இடம் கொடுத்து அவரை முதல்வராக்கினார்கள். கீழவையில் கட்சியை நடத்தும் பொறுப்பு அட்டர்னி ஜெனரல் வில்கின்ஸ் தலையில் விழுந்தது. சட்டமன்றத்தின் பலம் முழுவதும் ஒரு பக்கம், முடிவெடுக்கும் மூளைகள் சட்டமன்றத்துக்கு வெளியே. பின்னால் ஏற்பட்ட பிளவுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

முதல் வழி: லண்டன் கதவு

வாதமாகப் பார்த்தால் இதைவிட வலுவான வழி இல்லை. கூட்டாட்சித் தீர்மானம் 1866 ஏப்ரலில் 31க்கு 19 என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த அவையை மக்கள் தேர்ந்தெடுத்தது 1863இல். அப்போது கூட்டாட்சி என்ற பேச்சே மேடையில் இல்லை. பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக் இதே கேள்விக்காக 1865இலும் 1866இலும் இரண்டு முறை தேர்தலைச் சந்தித்தது. டப்பர் ஒருமுறைகூட மக்களிடம் போகவில்லை. போனால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். இதில் உச்சம் என்னவென்றால், லண்டன் இயற்றிய சட்டத்தின் முகவுரை, இந்த மாகாணங்கள் ஒன்றுசேரத் தங்கள் விருப்பத்தைத் தெரிவித்துள்ளன என்று தொடங்குகிறது. யாருடைய விருப்பம் என்று கேட்டார் வில்கின்ஸ். மக்களிடம் கேட்காமல் அவர்களுடைய அரசியலமைப்பையே கைமாற்றிவிட ஒரு சட்டமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்று தீர்மானங்களை எழுதினார். 1868 பிப்ரவரியில் அரசியாருக்கு விண்ணப்பத்தோடு ஹோவும் அன்னண்டும் மற்ற பிரதிநிதிகளும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள்.

சரி, சாவி யார் கையில்? பிரிட்டிஷ் அரசின் கையில். பிரிட்டிஷ் அரசுக்கு என்ன வேண்டும்? வட அமெரிக்கக் காலனிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் பாதுகாப்புச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய பீனியன் படையினர் 1866இல் அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி வந்து போயிருந்தார்கள். இந்தக் கணக்கில் மூன்றே கால் லட்சம் பேரின் மனத்தாங்கல் எவ்வளவு எடை இருக்கும்? தராசைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஹோவுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, 1866 முதல் 1867 வரை, லண்டனில் தங்கி அவர் மன்றாடிப் பார்த்தவர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறைவேறுவதற்கு முன்பு தடுக்க முடியாததை, நிறைவேறிய பிறகு அழிக்கச் சொல்லிக் கேட்கப் போனார்கள். இம்முறை அவருக்குப் பின்னாலேயே கனடா பிரதமர் மெக்டொனால்டின் அரசு டப்பரையும் லண்டனுக்கு அனுப்பியது. டப்பர் நேராக ஹோவையே தேடிப் போய்ப் பேசினார் என்பதுதான் சுவாரசியம். லண்டன் கைவிரித்துவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை அவர் அங்கேயே ஹோவின் மனத்தில் போட்டுவிட்டார்.

பதில் ஜூனில் வந்தது. காலனி அமைச்சர் பக்கிங்ஹாம் கோமகன் மறுத்துவிட்டார். லிபரல் உறுப்பினர் ஜான் பிரைட் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நோவா ஸ்கோஷியாவின் குறைகளை விசாரிக்க ஓர் ஆணையமாவது அமையுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கேட்டது ரத்து அல்ல, வெறும் விசாரணை. அதுவே 183க்கு 87 என்று தோற்றது. லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் பிரதமராக வந்தால் காட்சி மாறும் என்று அன்னண்ட் தரப்பு காத்திருந்தது. டிசம்பரில் கிளாட்ஸ்டன் வந்தார். ஜனவரியில் புதிய காலனி அமைச்சர் கிரான்வில்லிடமிருந்து வந்ததும் அதே பதில்தான். ஆட்சி மாறியது, பூட்டு மாறவில்லை.

இந்த வழியை வீண் என்று நான் சொல்லமாட்டேன். 36 பேரை அனுப்பிய மக்கள் முதலில் எதிர்பார்த்தது இதைத்தான். போகாமல் இருந்திருந்தால் துரோகம். ஆனால் ஒருமுறை தட்டவேண்டிய கதவு இது. 183-87க்குப் பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்ததற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வழி: முட்டுக்கட்டை

அமைச்சரவை ராஜினாமா செய்யலாம். நிதி ஒதுக்கீட்டை நிறுத்தலாம். துணைநிலை ஆளுநருக்கு ஆட்சி நடத்த ஆளே கிடைக்காமல் செய்யலாம். 38இல் 36 கையில் இருக்கும்போது மாற்று அமைச்சரவை அமைக்க யாராலும் முடியாது. காகிதத்தில் பயங்கரமான ஆயுதம்.

1868 ஆகஸ்ட்டில் வில்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். லண்டன் கேட்காவிட்டால் வேறொரு தேசத்தின் உதவியை நாடவேண்டி வரும் என்ற பொருளில் அவையில் பேசிவிட்டார். படைத்தளபதியாகவும் இருந்த துணைநிலை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் டாயிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு வில்கின்ஸ், ராஜ விசுவாசத்துக்கு விரோதமாக எதுவும் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார். பேசிய வேகத்தில் பாதி வேகத்தில்கூட அதைச் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு நான் சாலை மானியத்தைத்தான் காட்டுவேன். அந்தக் காலத்து நோவா ஸ்கோஷியா உறுப்பினருக்கு அரசியல் என்றால் முக்கால்வாசி சாலையும் பாலமும்தான். ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கும். எந்த ஓடைக்கு மரப்பாலம், எந்த மேட்டுக்கு மண், மண்வெட்டி பிடிக்க எந்தக் குடும்பத்துப் பையன் என்பதில் உறுப்பினரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். வசந்தத்தில் பனி உருகிப் பாதை சேறாகும்போது ஊர் முழுவதும் அவர் முகத்தைத்தான் பார்க்கும். முட்டுக்கட்டை போட்டால் முதலில் நிற்பது இந்தப் பணம். ஒட்டாவாவின் சுங்க அதிகாரி துறைமுகத்தில் வழக்கம்போல் வரி வாங்கிக்கொண்டிருப்பார். தன் ஊர்ப் பாலம் மட்டும் இடிந்து கிடக்கும். எதிரியைப் பட்டினி போடக் கிளம்பி நம் வீட்டு அடுப்பை அணைப்பது போன்றது இது. மத்தியில் போன 18 பேரும்கூட 1867 நவம்பரில் ஒட்டாவா சென்று தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். புறக்கணிப்பு என்ற ஆயுதத்தை அப்போதே கீழே வைத்தாகிவிட்டது.

மூன்றாம் வழி: தெற்கே போவது

யார்மத் போன்ற துறைமுக ஊர்களின் கப்பல்காரர்களுக்கு மான்ட்ரியால் எங்கோ இருந்த ஊர். பாஸ்டன் பக்கத்து ஊர். மீனும் மரமும் நிலக்கரியும் அங்கேதான் விலைபோயின. 1854இல் தொடங்கிய வரியில்லா வணிக ஒப்பந்தத்தை அமெரிக்கா 1866 மார்ச்சில் முடித்துக்கொண்டதும், நோவா ஸ்கோஷிய நிலக்கரிக்கு டன்னுக்கு 1.25 டாலர் அமெரிக்க வரி விழுந்தது. சேர்ந்துவிட்டால் அந்த வரி ஒரே நாளில் மறையும். வயிற்றுக் கணக்கில் பார்த்தால் நான்கு வழிகளில் இதுதான் கொழுத்தது. 1869இல் கூட்டாட்சி எதிர்ப்புச் சங்கம் தன் பெயரையே இணைப்புச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது.

ஆனால் பிரிட்டிஷ் கடற்படை நங்கூரமிட்டிருந்தது ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில். நகரத்து மேட்டில் கோட்டை, கோட்டையில் பட்டாளம். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு விலைபேசி வாங்கிய அமெரிக்கா, நோவா ஸ்கோஷியாவுக்காகப் பிரிட்டனோடு சண்டைக்கு வரப்போவதில்லை. இங்கே சாவி ஒன்றல்ல, இரண்டு, இரண்டும் வெளியூரில். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று அழுத வாயாலேயே அமெரிக்கக் கொடியைக் கேட்க முடியுமா? ஹோவால் முடியவில்லை. பேரத்தின்போது ஒட்டாவாவைப் பயமுறுத்த உதவும் பூச்சாண்டி என்பதற்குமேல் இந்த வழிக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

நான்காம் வழி: கணக்குப் புத்தகம்

இதில் வீரம் கிடையாது. கூட்டல் கழித்தல்தான் உண்டு. அதனாலேயே பலருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் நான்கில் இது ஒன்றில்தான் எண்கள் இருக்கின்றன. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கூட்டாட்சிக்கு முன் நோவா ஸ்கோஷியாவின் பொதுவான இறக்குமதி வரி 10 சதவீதம். கனடாவில் 15. வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சுங்க வரியிலிருந்துதான் வந்தது. அதை ஒட்டாவா எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தலைக்கு 80 சென்ட் மானியம் தருவதாக ஏற்பாடு. 1861 மக்கள்தொகைக் கணக்குப்படி 3,30,857 தலைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,64,700 டாலர். அத்துடன் அரசுச் செலவுக்கு 60,000. அன்று ஓர் ஆட்டுத்தோல் விலையும் 80 சென்ட்தான். நம்மை ஆட்டுத்தோல் விலைக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு மாகாணம் முழுவதும் பரவியது. எத்தனை தீர்மானங்கள் எழுதினாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

1868 ஆகஸ்ட்டில் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே ஹாலிபாக்ஸுக்கு வந்தார். எதிர்ப்பாளர்களின் மாநாட்டுக் குழுவைச் சந்தித்தார், ஹோவோடு தனியாகப் பேசினார், ஊர் திரும்பியும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1869 ஜனவரியில் ஹோவும், கால்செஸ்டர் தொகுதி உறுப்பினர் மெக்லெலனும் நிதியமைச்சர் ஜான் ரோஸைச் சந்தித்துக் கணக்கை முடித்தார்கள். சந்தித்த இடம் போர்ட்லேண்ட், மெய்ன் மாநிலம். ஒட்டாவாவுக்கும் ஹாலிபாக்ஸுக்கும் இடையே நேரடி ரயில் அப்போது கிடையாது. அது முடிந்தது 1876இல். ஒரு பக்கத்திலிருந்து ரயிலிலும் மறு பக்கத்திலிருந்து கப்பலிலும் வந்து சேர வசதியான இடம் அமெரிக்க மண்ணில் இருந்தது. நோவா ஸ்கோஷியா கனடாவில் நீடிக்குமா என்ற பஞ்சாயத்து அமெரிக்காவில் நடந்தது!

கிடைத்தது என்ன? ஆண்டுக்கு 82,698 டாலர் கூடுதல் மானியம், பத்து ஆண்டுகளுக்கு. மாகாணத்தின் கடனில் மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் வரம்பு 80 லட்சம் டாலரிலிருந்து 91,86,756 டாலருக்கு உயர்வு.

அந்த 82,698 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பேரத்தின் சூத்திரம் புரியும். நியூ பிரன்ஸ்விக்குக்குக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே பத்து ஆண்டுகளுக்கு 63,000 டாலர் சிறப்பு மானியம் உண்டு. அதன் மக்கள்தொகை 2,52,047. தலைக்கு ஏறக்குறைய 25 சென்ட். அதே விகிதத்தை 3,30,857ஆல் பெருக்கிப் பாருங்கள், 82,698 வந்து நிற்கும். கடன் வரம்பும் அப்படியே. நியூ பிரன்ஸ்விக்கின் 70 லட்சத்தைத் தலைக்கணக்கில் பெருக்கினால் கிட்டத்தட்ட அதே 91.9 லட்சம். ஹோவும் மெக்லெலனும் புதிதாக எதையும் கறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடு என்று வாங்கிவந்தார்கள். 1866இல் கூட்டாட்சி நிபந்தனைகளைப் பேசிய லண்டன் மேசையில் உட்கார்ந்திருந்த டப்பர் இதை ஏன் அன்றே கேட்கவில்லை என்பது நான் அவர்மேல் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு. மக்களைக் கேட்காதது ஒரு தவறு. கேட்காமல் செய்த பேரத்தையும் சரியாகச் செய்யாதது இன்னொன்று.

சராசரி மனிதருக்கு இதனால் என்ன? கூடுதல் மானியம் தலைக்கு 25 சென்ட். கடன் வரம்பைத் தாண்டினால் அதற்கு ஐந்து சதவீத வட்டியை மத்திய அரசு மானியத்தில் பிடித்துக்கொள்ளும். ரயில் பாதைகள் போட்டதில் மாகாணம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. உயர்ந்த 11,86,756க்கு ஐந்து சதவீதம் ஏறக்குறைய 59,300 டாலர், தலைக்கு 18 சென்ட். ஆக 80 சென்ட் 1 டாலர் 23 சென்ட் ஆகிறது. ஒன்றரை ஆட்டுத்தோல்.

இந்த வழிக்குச் சாவி ஒட்டாவாவில் இருந்தது. ஆனால் ஒட்டாவாவுக்குத் திறக்கவேண்டிய அவசியமும் இருந்தது. பிறந்து இரண்டு வயதுகூட ஆகாத கூட்டாட்சியில் ஒரு மாகாணம் முறைத்துக்கொண்டு நிற்பது மெக்டொனால்டுக்கு அவமானம். மற்ற மூன்று வழிகளிலும் எதிரே இருப்பவருக்கு நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இங்கே மட்டும் இருந்தது.

முடிவும் அதை எடுத்த விதமும்

என் வாக்கு நான்காவது வழிக்கு. 1868 ஜூனில் லண்டன் வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே. ஆனால் ஹோவ் அதைச் செய்த விதத்துக்கு என் வாக்கு கிடையாது.

அவர் சட்டமன்றத்தைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள் என்று பயந்திருக்கலாம். பயம் நியாயமானதுதான், டப்பர் 1866இல் மக்களைக் கேட்காததற்கும் அதே பயம்தானே காரணம்? ஜனவரி 30 அன்று ஹோவ் மெக்டொனால்டின் அமைச்சரவையில் பதவியேற்றார். அன்றைய வழக்கப்படி, அமைச்சரான உறுப்பினர் மறுபடியும் தொகுதியில் நின்று வெல்ல வேண்டும். அறுபத்து நான்கு வயதில், நோவா ஸ்கோஷியக் குளிரில், ஹாண்ட்ஸ் மாவட்டத்தின் ஊர் ஊராக ஹோவ் போனார். நேற்று அவரைத் தோளில் தூக்கியவர்களே இன்று துரோகி என்றார்கள். ஒரு காலத்தில் அவருக்கு வலதுகையாக இருந்த அன்னண்டின் பத்திரிகை பக்கம் பக்கமாகத் திட்டியது. ஏப்ரலில் வென்றார். உடம்பு அந்தப் பிரச்சாரத்தோடு போனது. பிறகு தேறவே இல்லை.

பேரத்தை ஹாலிபாக்ஸ் சட்டமன்றமே நடத்தியிருந்தால்? 36 பேர் ஒன்றாக நின்று, தீர்மானம் போட்டு, அன்னண்டும் வில்கின்ஸும் போர்ட்லேண்டுக்குப் போயிருந்தால், நியூ பிரன்ஸ்விக் விகிதத்தோடு மெக்டொனால்ட் நிறுத்தியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். குறைந்தபட்சம் அந்தப் பத்து ஆண்டு என்ற வரம்பையாவது கேள்வி கேட்டிருக்கலாம். சுங்க வரியைப் பறிகொடுத்தது நிரந்தரமாக. ஈடு கிடைத்ததோ பத்து ஆண்டுக்கு. மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத் தீபாவளி போனஸ் வாங்கியதைப் போல.

அன்னண்ட் அரசு செய்தது வேறு. பேரத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் முடியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு முறைத்தது. இதற்கு ஒரு சின்ன சாட்சி உண்டு. ஹாலிபாக்ஸில் அப்போது புதிதாக எழுந்திருந்த மாகாணக் கட்டடம் தபால், சுங்க அலுவலகங்களுக்குத் தேவை என்று ஒட்டாவா கேட்டது. மாகாணம் விடவில்லை. அதனால் 1869இல் நிறைவேறிய சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள்: கட்டடத்தை ஒப்படைக்கும்வரை அதன் செலவுக்கு ஐந்து சதவீத வட்டியை மாகாணத்தின் கணக்கில் பற்று எழுத வேண்டும். பெரிய விடுதலைப் போர் ஒரு கட்டடத்தின் வாடகைத் தகராறாகச் சுருங்கிப்போனது. இதற்கிடையில் ஒன்டாரியோ சட்டமன்றத்தில் எட்வர்ட் பிளேக் எழுந்து, நோவா ஸ்கோஷியாவுக்கு மட்டும் தனிச்சலுகையா என்று எதிர்ப்புத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். கொடுத்தவருக்கும் மனம் எரிந்தது, வாங்கியவருக்கும் மனம் ஆறவில்லை.

1871 தேர்தலில் அன்னண்ட் கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டாலும் 36 என்ற எண் திரும்பி வரவில்லை. கோபக் கயிறு அவிழ்ந்து, பழைய இரண்டு கட்சிகளும் புதுப் பெயர்களில் மெல்ல எழுந்தன. மெக்லெலனுக்குச் செனட் பதவி கிடைத்தது. அவர் விட்ட கால்செஸ்டர் தொகுதியில், 1867இல் அவரிடம் தோற்ற ஆர்ச்சிபால்டே இடைத்தேர்தலில் வென்றார். ஹோவ் 1873 மே மாதம் நோவா ஸ்கோஷியாவின் துணைநிலை ஆளுநர் ஆனார். அவர் எந்த ஆளுநர்களின் அதிகாரத்தை எதிர்த்து இளமையில் பேர் வாங்கினாரோ, அதே ஆளுநர் மாளிகையில் ஜூன் 1 அன்று இறந்தார். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் ஆர்ச்சிபால்ட்.

1877இல் பத்து ஆண்டு முடிந்து கூடுதல் மானியம் நின்றது. அதன்பின் வந்த ஒவ்வொரு அரசும் ஒட்டாவாவிடம் கையேந்தியது. 1886இல் முதல்வர் வில்லியம் பீல்டிங், கூட்டாட்சியிலிருந்து விலகுவோம் என்று சொல்லித் தேர்தலைச் சந்தித்து 38இல் 29 இடங்களை அள்ளினார். எட்டு மாதம் கழித்து 1887 பிப்ரவரியில் மத்தியத் தேர்தல் நடந்தது. அதே நோவா ஸ்கோஷிய வாக்காளர்கள் 21 இடங்களில் 14ஐ மெக்டொனால்டின் கட்சிக்குக் கொடுத்தார்கள். பீல்டிங் விலகல் பேச்சை ஓசையில்லாமல் மடித்து வைத்தார். 1896இல் அவர் ஒட்டாவாவுக்குப் போனார், கனடாவின் நிதியமைச்சராக.